துணி மேல் போட்ட பழி

"துணி சுருங்கிடுச்சு மேடம்," என்று சொல்லிக்கொண்டே ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்புகிறார் ரகு. கட்டைவிரலால் தையல் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறார். "மார்ஜின் உட்டுத்தான் வெச்சிருக்கறேன். சாய்ங்காலம் வாங்க, பிரிச்சிக் குடுத்துடறேன்."

"பட்டுகூடவா சுருங்கும், ரகு?"

"தண்ணி பட்டா எது மேடம் சுருங்காது?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் படியிறங்குகிறார். ரவிக்கையில் எதுவும் சுருங்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், ரகுவுக்கும் தெரியும். ஆனால் ரகுவின் கடையில் எந்தப் பெண்ணும் பெருப்பதில்லை. எந்தப் பெண்ணும் இளைப்பதும் இல்லை. துணிதான் சுருங்கும், துணிதான் தொய்யும். காய்ச்சலில் கிடந்து பாதியாகி வந்தவரிடம், "லைனிங் இழுத்துக்கினு லூஸ் குடுத்துடுச்சு, புடிச்சிடலாம்" என்பார். புருஷனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் சில மாதம் கழித்துப் பழைய ரவிக்கைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனையையும் பக்கவாட்டில் பிடித்துக் கொடுத்தார். அந்த அம்மாள் இன்றைக்கும் மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ ஏறி, ஆட்டோ பிடித்து இவரிடம்தான் வருகிறார்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரிடம், "உடம்பு போட்டுட்டீங்க மேடம்" என்று ரகு வெள்ளையாகச் சொல்லிவிட்டார். அவர் வெட்டாத துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டார். உடம்புக்கும் துணிக்கும் பொருந்தவில்லை என்றால் குற்றம் துணியுடையது. முதலில் இது அவர் வாய்க்குப் பழகியது. பிறகு கண்ணுக்கும் பழகிவிட்டது.

ஆஸ்டின் டவுனில், ஃபுட்பால் மைதானத்தின் கூச்சல் எட்டுகிற ஒரு சந்தில் அவருடைய வீடு. முன்னறை கடை, பின்னறை குடித்தனம். நடுவில் தொங்கும் திரை, யாரோ ஃபால் வைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன புடவை. அளவு டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். பால் வாங்கப் போனாலும் அதோடுதான் போவார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலர் திரும்பியிருந்தால் இறங்குகிறவரைக்கும் அவருக்கு நிம்மதி இருக்காது. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். சரி, இல்லை, நாளைக்கு வா என்ற மூன்றும் ஒரே 'ம்ம்'தான். எது எந்த 'ம்ம்' என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் அவருடைய மகள் அம்ருதா ஒருத்திதான்.

அம்ருதாவுக்கு ஏழு வயது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். அம்மா சுனிதா ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு விடியுமுன் வேனில் ஏறிவிடுவாள். அதனால் பிள்ளையை எழுப்புவது, குளிப்பாட்டுவது, பின்னல் போடுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் ரகுதான். பின்னல் மட்டும் பார்ப்பவர்கள் கேட்பார்கள், யார் போட்டது என்று. வகிடு அப்படி ஒரு நேர்.

சாப்பாடும் அவர் பொறுப்புதான். அங்கேதான் எல்லாம் பிசகியது.

ரகு டீயில் ஓடுகிற ஆள். கல்யாண சீசனில் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்கு நின்றுகொண்டே முடிப்பார், அதுவரை டீ. அவர் குடிக்கும்போதெல்லாம் வெட்டு மேசைக்கு அடியில் துணித் துண்டுகளோடு உட்கார்ந்திருக்கும் அம்ருதா, "எனக்குப்பா?" என்று சின்ன டம்ளரை நீட்டுவாள். காலையில் டீயும் பேக்கரி பன்னும். சாயங்காலம் டீயும் காரா பிஸ்கட்டும். பன் டீயில் ஊறி உப்பி வயிற்றில் இடம் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்து டிபன் டப்பா பாதியோடு திரும்பும். ராத்திரி சோற்றின் முன்னால் தூங்கி விழுவாள். "எங்க பாப்பாவுக்கு டீ இருந்தாப் போதும், தொல்லையே இல்ல" என்று ரகு மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அவளுடைய துணி எல்லாமே அவர் கைதான். மற்ற பெற்றோர் பள்ளிக்கூடம் திறக்கும்போது யூனிஃபார்ம் கவுனை ரெண்டு சைஸ் பெரிதாக வாங்கி, கீழே பட்டையாக மடித்து அடித்து அனுப்புவார்கள். ரகுவுக்கு அது ஆகாது. தன் மகள் கோணி போட்டுக்கொண்டு போவதா? உடம்போடு உட்காரும்படி தைத்தார். சில வாரத்தில் இடுப்பில் லேசாகத் தொங்கியது. "துணி தொவைக்கத் தொவைக்கத் தொய்யுது" என்று சொல்லி அரை இஞ்சு பிடித்தார். ஜூலை மழையில் மறுபடி தொங்கியது. மறுபடி பிடித்தார். தோள் நழுவியது, உள்ளே கேன்வாஸ் வைத்து நிமிர்த்தினார். கைக்குச் சுருக்கு வைத்து பஃப் போட்டார். அதில் அவளுடைய கை கொழுகொழு என்று தெரிந்தது. "பொம்மையாட்டம் இருக்கு பாரு ரகுவோட பொண்ணு" என்றார்கள் சந்தில். கேட்டுக்கொண்டே மெஷின் மிதிப்பார் ரகு. காதுவரை சிரிப்பு இருக்கும்.

போன ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடம்பு பார்க்க வந்தார்கள். எடை போடும்போது கவுனைக் கழற்றிவிட்டு ஷிம்மியோடு நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் ரகுவுக்கு போன் வந்தது. கழுத்தில் டேப்போடு ஓடினார்.

நர்ஸ் நடுத்தர வயது, கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார். அவர் கையில் அம்ருதாவின் கவுன் உள்பக்கம் வெளியே தெரியும்படி இருந்தது. ஒரு தையலுக்குள் இன்னொரு தையல், அதற்குள் இன்னொன்று. எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக, ஓவர்லாக் அடித்துச் சுத்தமாக இருந்தன.

"இது யார் தெச்சிது?"

"நாந்தான் சிஸ்டர்."

"ரொம்ப சென்னாகி, நல்லாத் தெச்சிருக்கீங்க," என்றார் நர்ஸ். குத்திக்காட்டச் சொன்ன மாதிரி இல்லை. பிறகு பக்கத்தில் பெஞ்சைக் காட்டினார்.

அம்ருதா ஷிம்மியோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தோள்பட்டை எலும்பு துணிமாட்டும் ஹேங்கர்போல இரண்டு பக்கமும் துருத்தியிருந்தது. தினமும் குளிப்பாட்டிய பிள்ளைதான். தண்ணீர் ஊற்றிய கை அவருடைய கைதான். அந்த இடத்தில் அந்த வெளிச்சத்தில் வேறு யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல ரகு பார்த்தார்.

அங்கிருந்து ஹெல்த் சென்டர், ரத்தப் பரிசோதனை, பூச்சி மாத்திரை, இரும்புச் சத்து டானிக். பெரிய வியாதி எதுவும் இல்லை, வயதுக்கு வேண்டிய எடையில் நிறையக் குறைகிறது, ரத்தமும் குறைவு என்றார் டாக்டரம்மா. "எப்பத்திலிருந்து இளைக்க ஆரம்பிச்சா?"

எந்த வாடிக்கைக்காரருக்கு எந்த வருஷம் என்ன கழுத்து வைத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற ரகு, போனை எடுத்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தார். பிறந்தநாள், கோயில், லால்பாக் பூக்காட்சி. எல்லாவற்றிலும் அம்ருதா நிறைவாகத்தான் இருந்தாள். எதிலும் தொளதொள என்று ஒன்று இல்லை. எந்தப் படத்திலிருந்து எந்தப் படத்துக்குள் பிள்ளை இளைத்தாள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லாதபடி தைத்து வைத்திருந்தார்.

"எடை ஏத்திடலாம். உயரமும் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு. அது எவ்ளோ புடிக்கும்னு இப்பவே சொல்ல முடியாது, பாக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

அந்தப் 'பாக்கலாம்' ரகுவோடு வீட்டுக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

நர்ஸ் சொல்லி அனுப்பியது சிக்கலானது இல்லை. டீ கூடவே கூடாது. ஒரேயடியாகத் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்க வேண்டும். கொடுப்பது கெட்டியாக இருக்க வேண்டும்: ராகி மாவைப் பாலில் காய்ச்சி வெல்லம் போட்டு, சோற்றில் பருப்பும் ஒரு ஸ்பூன் நெய்யும், முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை, தயிர், கீரை. தண்ணீரைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்து வயிற்றை நிரப்பக் கூடாது. மிரட்டக் கூடாது.

ரகு டெலிவரி தேதி வைத்து வேலை செய்கிறவர். அர்ஜென்ட் ஆர்டர் எடுத்தவர்போல இறங்கினார். முதல் நாளே ரெண்டு முட்டை, ஒரு பெரிய கிண்ணம் ராகி, பட்டர் ஃப்ரூட் அடித்த பால், மேலே ஒரு பிடி கடலை. அம்ருதா வெட்டு மேசை மேல் வாந்தியெடுத்தாள். அங்கே வெட்டி வைத்திருந்த கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணி பாழானது. அடுத்த நாள் ஸ்பூனோடு எதிரே உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "முழுங்கு. ஜல்தி. இன்னும் ஒரு வாய், இன்னா பாக்கற?" பிள்ளை சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண்ணீர் விட்டாள்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் செய்கிறவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. "டேய் ரகு, பாப்பா துன்றாளா, போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கறாளா? நீ இப்டி மொறைச்சிக்கினு இருந்தா எனக்கே தொண்டைல எறங்காது."

பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று ரகு நர்ஸிடம் போய்ச் சொன்னார். "நீங்க எப்ப சாப்பிடறீங்க?" என்று அவர் கேட்டார்.

"நானா? வேலை முடிஞ்சப்புறம்."

"அவகூட உக்காந்து சாப்பிடுங்க. அவளப் பாக்காதீங்க, உங்க தட்டப் பாருங்க."

பிள்ளை பிறந்து ஏழு வருஷத்தில் ஒரு வேளையும் அவர் மகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் ரகுவுக்கு உறைத்தது. அவள் தட்டு ஒரு நேரம், சுனிதாவின் தட்டு ஒரு நேரம், அவருடையது மெஷின் பலகை மேல்.

இப்போது மத்தியானம் அம்ருதாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு தட்டு வைக்கிறார். வெளியே யாராவது, "ரகு, ரவிக்கை ரெடியா?" என்றால், "சாப்பிடறோம் மேடம், ஸ்வல்ப நேரம்" என்று உள்ளேயிருந்தே பதில். அம்ருதா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள்: "நீ ஒரு வாய், நான் ஒரு வாய்." ராகியைக் குடிக்கச் சொன்னால், "நீயும் குடி." முட்டையென்றால், "உனக்கு எங்க?" கடலையை ஒன்று நீ, ஒன்று நான் என்று எண்ணிப் பிரிப்பாள். ஒருநாள் அவர் டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல பாவனை செய்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் ராகி தொடவில்லை. அதிலிருந்து ஏமாற்றுவதில்லை.

விளைவு முதலில் ரகுவின் மேல்தான் தெரிந்தது. சட்டைப் பட்டன் இழுத்துக்கொண்டு நின்றது. "இன்னாடா, பாப்பாவுக்கு ஊத்தற நெய்யெல்லாம் வழி தவறி உன் தொப்பைக்குப் போவுது?" என்றார் சந்திரம்மா.

"சட்டை சுரு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"ஆமாக்கா. குண்டாயிட்டேன்," என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. சந்திரம்மாவே சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "சரி போ, நாளைக்கு ஹாஸ்டல்லேருந்து கருவேப்பிலைப் பொடி கொண்ணாந்து தர்றேன், பாப்பாவுக்கு சோத்துல போட்டுக் குடு" என்று போய்விட்டார்.

ஒரு காரியத்தை ரகு யாரும் சொல்லாமலே செய்தார். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய அன்றே கவுனில் போட்ட தையல் அத்தனையையும் பிரித்துவிட்டார். கேன்வாஸை உருவினார், பஃப்பை எடுத்தார். கவுன் பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்து அளவுக்குத் திரும்பி, அம்ருதாவின் மேல் தொங்கியது. "இனிமே புடிக்க மாட்டேன். அதுவா ஃபிட்டாவற வரைக்கும் கண்ணெதிர்ல இருக்கட்டும்," என்றார் சுனிதாவிடம். தினமும் காலையில் அந்தத் தொய்வைப் பார்ப்பார். பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார்.

தீபாவளிக்கு முன்னால் ஹெல்த் சென்டரில் எடை போட்டார்கள். ஏறியிருந்தது அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. "இப்படியே போகட்டும், அவசரம் வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. உயரத்தைப் பற்றி ரகு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒருநாள் காலையில் அம்ருதா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் அவளுக்குக் 'கோணிமூட்டை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரேயரில் காற்றடித்தால், "புடிங்க, பறந்துடுவா" என்கிறார்களாம். அவள் அழுதுகொண்டே கேட்டாள்:

"ஊருக்கெல்லாம் புடிச்சிக் குடுக்கற. எனக்கு மட்டும் ஏம்ப்பா மாட்டேங்குற? நான்தான் ராகி குடிக்கறேன்ல?"

ரகுவின் உதட்டில் குண்டூசிகள் இருந்தன. அவரிடமிருந்து 'ம்ம்' கூட வரவில்லை.

அன்று சுனிதாவுக்கு வார விடுமுறை. பின்னறையிலிருந்து திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "கண்ணு தெரியாம இருந்தது நீ. நானும்தான், இல்லன்னு சொல்லல. அதுக்குத் தண்டனைய எதுக்குப் புள்ள மேல மாட்டி அனுப்பற? உன் தப்ப நீ நெனப்புல வெச்சுக்க, அவ போட்டுக்கினு போவணுமா?"

"மறுபடியும் புடிச்சா மறுபடியும் மறந்துடுவேன் சுனி."

"மறந்தா நான் கேக்கறேன். மொதல்ல பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பு."

ரகு குண்டூசிகளை எடுத்துப் பெட்டியில் போட்டார். அம்ருதாவை ஷிம்மியோடு மேசை மேல் தூக்கி நிறுத்தினார். தன் பிள்ளைக்கு எப்போதும் கண்ணளவிலேயே வெட்டுகிறவர் கழுத்திலிருந்த டேப்பை உருவி மார்பில், இடுப்பில், தோளில் சுற்றிப் பார்த்தார். அளவைக் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னார். எலும்பு தட்டுப்பட்ட இடத்தில் விரல் நின்றது, விலகவில்லை. "கூசுதுப்பா," என்று அம்ருதா நெளிந்தாள்.

பிறகு கவுனைத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டார். மெஷின் பக்கம் போகவில்லை. நீலத் துணிக்குச் சிவப்பு நூலை எடுத்து ஊசியில் கோத்தார். பக்கவாட்டில் இரண்டு புறமும், இழுத்தால் வந்துவிடும்படி கைத்தையலில் நீள நீளமாக ஓட்டினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே மட்டும், தினமும் மாட்டிவிடும்போது அவர் கண்ணில் படும்படி, சிவப்பாகக் கோடு ஓடியது. அம்ருதாவுக்கு மாட்டிவிட்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கவுன் உடம்போடு உட்கார்ந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கவுன் விரிகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இரு, நூலு தொங்குது பாரு," என்று சுனிதா கத்தரிக்கோலை நீட்டினாள்.

ரகு வாங்கவில்லை. முடிச்சுப் போடாமல் விரல் நீளத்துக்கு விட்டிருந்த அந்த நுனியை, வெட்டாமல், மகளின் கவுனுக்குள் செருகிவிட்டார்.